சிவனொளிபாதத்துக்குப் போகும் வழிகள்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்களின் பயணத்தைத் தீர்மானிப்பவை பாடசாலைகள். ஜூன் கடைசியில் விடுமுறை. செப்டெம்பர் முதல் வாரம் பிள்ளைகள் திரும்பவும் வகுப்பில் இருக்க வேண்டும். ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் வட்டாரத்தில், கோடை நெருங்க நெருங்கக் கதை முழுவதும் விமானச் சீட்டின் விலைதான். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்வார்கள். தேரும் தீர்த்தமும் முடிந்தபின் மிஞ்சும் நாட்களில் நாலைந்தை மலைநாட்டுக்கு ஒதுக்குவார்கள். ஒரு வான் பிடித்தால் கண்டி தலதா மாளிகை, ரம்பொடை அனுமார் கோயில், நுவரெலியா, சீதா எலிய அம்மன் கோயில். நானுஓயாவில் ரயிலேறி எல்ல வரை ஒரு பயணம். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் குடும்பப் படம்.

சிவனொளிபாதமலை இந்தப் பட்டியலில் வருவதில்லை. பக்தி குறைந்துபோனதால் அல்ல. அப்போது மலைக்குப் பருவமில்லை. யாத்திரைக் காலம் டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றின் முழு அடியும் அந்தச் சரிவில்தான் விழும். மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவத்தை ஊர்வலமாக இறக்கிப் பெல்மதுளையில் உள்ள கல்பொத்தாவல விகாரையில் வைத்துவிடுவார்கள். படிக்கட்டு விளக்குகள் அணையும், வழிக்கடைகள் கழற்றப்படும். பிறகு மேகமும் அட்டையும்தான். நல்லூர்க் காலமும் மலையின் காலமும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. கனடாக்காரருக்கு வாய்ப்பதென்றால் கிறிஸ்மஸ் விடுமுறை ஒன்றுதான். அந்த விடுமுறையில் சீட்டு விலை எங்கே நிற்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

உயரத்தில் இலங்கையின் முதல் மலை இதுவல்ல. பிதுருதலாகலை 2,524 மீற்றர். இது 2,243 மீற்றர். ஆனால் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், தாழ்நிலத்தைப் பார்த்தபடி தனியே கூம்பாக எழுந்து நிற்பதால், கடலில் வருபவரின் கண்ணில் படுவது இதுதான். அரபு மாலுமிகளுக்கு இது கரை காட்டும் அடையாளம். களனி கங்கையும் களு கங்கையும் இந்தக் காட்டுத் தொகுதியில் பிறக்கின்றன. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இந்தக் காடு. உச்சிப் பாறையில் ஐந்தடிக்கு மேல் நீளமான ஒரு பள்ளம் இருக்கிறது. பௌத்தருக்கு அது புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது பதித்த பாதம். சைவருக்குச் சிவபெருமானுடையது. முஸ்லிம்களுக்குச் சொர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதாமுடையது. கிறிஸ்தவரில் சிலர் தோமையாருடையது என்றார்கள்.

இந்த நாலு கதைகளையும் வரிசையாகச் சொல்லி, மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று முத்திரை குத்துவது சுற்றுலாக் கையேடுகளின் வழக்கம். எனக்கு அதில் திருப்தியில்லை. பாதம் யாருடையது என்ற கேள்வி நம்பிக்கையோடு நின்றுவிடுகிறது. அங்கே போகும் வழியை யார் வெட்டினார்கள், யார் செலவில் வெட்டினார்கள், யாரை எந்தப் படியோடு நிறுத்தினார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் கல்லிலும் ஏட்டிலும் விடை கிடைக்கிறது. அந்த வழியின் கடைசிப் பெரிய மாற்றம் மலையகத் தமிழரின் உழைப்பால் வந்தது. யாத்திரைக் கதைகளில் அவர்களுக்கு இடமில்லாமல் போனதை வடக்கிலிருந்து வந்து ரொறன்ரோவில் வாழும் என்னைப் போன்றவர்களும் கவனிக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

தமிழில் இம்மலைக்குப் பழைய சான்று மணிமேகலை. இரத்தின தீவத்தில் சமந்தம் என்ற மலை இருப்பதையும் அதன் உச்சியில் அறவோனின் பாதம் இருப்பதையும் அது சொல்கிறது. ஆக, நமக்குக் கிடைக்கும் பழைய தமிழ்ச் சான்றில் இது பௌத்த மலை. சைவ மேடையில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இங்கேயும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிய சீனத் துறவி பாகியான், புத்தர் ஒரு காலைத் தலைநகருக்கு வடக்கேயும் மற்றதை மலையுச்சியிலும் வைத்தார் என்று கேட்டறிந்து எழுதினார். அவர் மலைக்குப் போனதாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழி எப்படி இருந்தது என்பதற்கு ஏடுகளில் பெரிதாக எதுவும் இல்லை.

வழியைப் பற்றிய பேச்சு சரியாகத் தொடங்குவது 11ஆம் நூற்றாண்டில். 1070இல் சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட முதலாம் விஜயபாகு, மலைக்குப் போகும் யாத்திரிகரின் உணவுக்கும் தங்கலுக்கும் ஊர்களை மானியமாக விட்டான். இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலை அப்படி விடப்பட்ட ஊர். இதே அறச்செயல்களைச் சொல்லும் அவனது கல்வெட்டு ஒன்று வடக்குப் பக்கத்தில், அம்பகமுவையில் இருக்கிறது. நான் பல முறை திரும்பிப் படித்த பகுதி அதில் ஒன்றுண்டு. பாதம் இருக்கும் முற்றத்துக்குக் கீழே, தாழ்ந்த சாதியார் நின்று வணங்குவதற்கென்று வேறொரு முற்றத்தை அரசன் கட்டுவித்தான் என்கிறது அது. மன்னன் அதைத் தன் புண்ணியங்களில் ஒன்றாகத்தான் எண்ணிக் கல்லில் வெட்ட வைத்தான். முன்பு ஏறவே முடியாமல் இருந்தவர்களுக்கு அவன் ஓர் இடம் கொடுத்திருக்கலாம். ஒன்றாக நின்றவர்களைப் பிரித்தும் இருக்கலாம். இரண்டில் எது என்று கல் சொல்லவில்லை. மலையில் எல்லோரும் சமம் என்று எழுதுகிறவர்கள் அம்பகமுவையையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

பின்னாளில் ஹட்டன், மஸ்கெலியா தேயிலைப் பகுதிகளைச் சேர்த்து வகுத்த நிருவாகப் பிரிவுக்கும் அம்பகமுவ என்றுதான் பெயர் வைத்தார்கள். 900 ஆண்டுகளுக்கு முன் கீழ் முற்றத்தைப் பற்றிப் பேசிய கல்லின் பெயரில், நாட்டின் மிகக் குறைந்த கூலி வாங்கிய தொழிலாளரின் லயங்கள்.

13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராஜன் செய்த வேலையைச் சூளவம்சம் விரிவாகச் சொல்கிறது. கம்பளையிலிருந்து மலைக்குப் போகும் வழி சேறும் பள்ளமுமாக இருந்ததால் மக்கள் சிரமப்பட்டார்கள். உலப்பனையிலும் அம்பகமுவையிலும் வேறு ஆறுகள் மேலும் அவன் பாலங்கள் அமைத்தான். யானையும் குதிரையும் தாண்டிப்போகத்தக்க உறுதியான பாலங்கள் அவை. தங்குமடங்கள் கட்டினான், காடு வெட்டிப் பாதை திறந்தான். மன்னர்கள் மாறி மாறி மலையை வணங்கியதைச் சொல்லும் சூளவம்சத்தில், ஓர் அமைச்சன் சேற்றைப் பற்றிக் கவலைப்பட்ட இந்த இடம்தான் எனக்கு உயிருள்ளதாகப் படுகிறது. இன்று பெரும்பாலானோர் ஏறும் வடக்கு வழிக்கு இதுவே பழைய வடிவம்.

அடுத்து வருபவர் மொரோக்கோக்காரர் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் புத்தளத்தில் ஒதுங்கியது. அங்கே ஆட்சி செய்தவர் ஆரியச்சக்கரவர்த்தி, அதாவது யாழ்ப்பாண அரசர். முத்துக் குவியலுக்கு நடுவே இருந்த அரசருக்குப் பாரசீகம் தெரிந்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதாமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் விருந்தாளி. அரசர் பல்லக்கும் தூக்குவோரும் கொடுத்தார். ஆண்டுதோறும் பாதத்துக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்குப் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே அனுப்பிவைத்தார். யாழ்ப்பாண அரசின் வரலாற்றில் இதைவிட அழகான செய்தி எனக்குத் தெரியாது. ஒரு முஸ்லிம் பயணியை, சைவ யோகிகளின் துணையோடு, ஒரு தமிழ் அரசர் சிங்கள நாட்டு மலைக்கு அனுப்புகிறார். அதற்கு யாரும் நல்லிணக்கம் என்று பெயர் வைக்கவில்லை. வழி தெரிந்தவர்கள் யோகிகள் என்பதால் யோகிகள் போனார்கள்.

பதூதா மலையேறிய பகுதியை விடாமல் படிக்க வேண்டும். அட்டை கடித்தால் பிழிவதற்கு எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருந்தார்கள் என்கிறார். இன்றைக்கும் சிங்கராஜக் காட்டுக்குப் போகிறவர்கள் எலுமிச்சையோ உப்போ கொண்டுபோகத்தான் செய்கிறார்கள். மலைக்கு இரண்டு வழி. ஒன்றுக்கு பாபா வழி என்று ஆதாமின் பெயர், மற்றதற்கு மாமா வழி என்று ஏவாளின் பெயர். மாமா வழி எளிது. ஆனால் ஏறும்போது அதில் போனவனை யாத்திரை செய்தவனாகவே கணக்கெடுக்க மாட்டார்கள். செங்குத்துப் பாறையில் பத்துச் சங்கிலிகள். பத்தாவதில் நின்று கீழே பார்ப்பவருக்கு விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா வாயில் வந்துவிடுமாம். இந்த வழியை முஸ்லிம்களுக்கு முதலில் திறந்தவர் ஷிராஸ் நகரத்து ஞானி இப்னு கபீப் என்று அவருக்குச் சொன்னார்கள். அது பத்தாம் நூற்றாண்டுக் கதை. ஒவ்வொரு சமூகமும் மலையைப் பற்றி நினைவில் வைத்திருப்பது வழி திறந்த ஒருவரைத்தான் என்பதற்கு இது இன்னொரு சான்று.

மலை எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்ததில்லை. சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன், 1581 முதல் 1593 வரை ஆண்டவன், சைவனாகி மலையின் வருமானத்தைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான். தந்தையைக் கொன்ற பாவம் தீர வழி கேட்டபோது பிக்குகள் கையை விரிக்க, ஆண்டிகள் வழி சொன்னார்கள் என்று சூளவம்சம் காரணம் கூறுகிறது. எழுதியவர்கள் பிக்குகள் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மலையை ஆண்டிகளிடமிருந்து வாங்கிப் பிக்குகளிடம் கொடுத்தவன் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். இவன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்தான். வீட்டுச் சமயம் சைவம். சிங்களப் பிறப்புடையவன் சைவருக்குக் கொடுக்க, தென்னிந்தியக் குலத்தவன் பௌத்தருக்குத் திருப்பிக் கொடுத்தான். இனத்தையும் சமயத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் நம் காலத்து வாய்ப்பாடு இந்த மலையில் செல்லாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கம், தேவபதிராஜனின் பாலங்கள் இருந்த பக்கம், பெரும்பாலும் மீண்டும் காடாகியிருந்தது. வருவோரில் அதிகம் பேர் இரத்தினபுரி வழியில் ஏறினார்கள். ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி 1817இல் ஏறியதும் அந்த வழியில்தான். வடக்கை மறுபடி திறந்தது கோப்பி. 1820களில் கம்பளை, கண்டிப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் மேலே மேலே ஏறி 1860களிலும் 70களிலும் டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளை எட்டின. காடு வெட்டும் முறையைக் கேட்டால் மனம் திடுக்கிடும். சரிவில் உள்ள மரங்களைக் கீழிருந்து மேலாகப் பாதி பாதியாக வெட்டி நிறுத்திவைப்பார்கள். கடைசியில் உச்சி வரிசையை வீழ்த்தினால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து முழுச் சரிவும் இறங்கிவரும். பிறகு நெருப்பு.

கோப்பியைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நட்டார்கள். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பஞ்சமும் கடனும் தள்ளிய ஊர்களிலிருந்து கங்காணி திரட்டிவந்த கூட்டம். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியோரத்திலேயே போனார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலக் கூலி போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர்கள் லயங்களில் தங்கிப்போனது அதனால்தான். கடன் தீர்க்காதவர் தோட்டம் மாற முடியாதபடி துண்டு முறை கட்டிப்போட்டது. அது ஒழிந்தது 1921இல்.

தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர்கள் அவர்கள் ஊரிலிருந்து வந்தவை: டல்ஹவுசி, காசல்ரீ, நோர்வூட். டோர்செட் பார்க்கின் அடுக்குமாடிகள் நிற்கும் தெருக்கள் கிளாமோர்கன், அன்ட்ரிம், டண்டோக். ஒரே சாம்ராச்சியம் இரண்டு இடத்திலும் பெயர்ப்பலகை நட்டிருக்கிறது. மலையில் மக்கள் டல்ஹவுசியை நல்லதண்ணி என்று தங்கள் பாட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். யாத்திரிகர் வாயிலும் இன்று அதுதான். நாம் இங்கே அன்ட்ரிமை அன்ட்ரிம் என்றே சொல்கிறோம்.

ரயில் பாதை நாவலப்பிட்டியை 1874இலும் ஹட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. பாறையைக் குடைந்ததும் சரிவில் தண்டவாளம் பதித்ததும் தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். பாதத்துக்காக யாரும் ஒரு கல்லையும் நகர்த்தவில்லை. ஆனால் பாதை திறந்தபின் யாத்திரிகர் வந்தார்கள். கொழும்பில் ரயிலேறினால் ஹட்டன். அங்கிருந்து தேயிலை லொறிக்காகப் போட்ட வீதியில் நோர்வூட், மஸ்கெலியா வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் நல்லதண்ணி. பிறகு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரி வழி நீளமானது, கடுமையானது. பக்தி மிக்கவர்களின் வழி என்ற மதிப்பு அதற்கு இன்றும் உண்டு. கூட்டமோ ஹட்டன் பக்கம்தான். பதூதா சொன்ன பாபா வழி, மாமா வழிக் கணக்கு இன்னும் தீரவில்லை போலும்.

இரவு ஏறி விடியலில் உச்சியில் நிற்பது வழக்கம். சீத கங்குல என்ற குளிர்ந்த ஓடையில் முகம் கழுவி, சிலர் குளித்தும், மேலே போவார்கள். வழியில் ஓரிடத்தில் யாத்திரிகர் நூலை அவிழ்த்துக்கொண்டே நடப்பதால் பற்றைகள் வெள்ளையாகக் கிடக்கும். உச்சியில் மணி, எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை அடிக்கலாம். சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே மேகத்தின் மேல் துல்லியமான முக்கோணமாக விழும். மலை முக்கோணமாக இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த உருவமுள்ள பெரிய மலையின் நிழலும், மிக நீண்டு விழுவதால், உச்சியில் நின்று பார்க்கும் கண்ணுக்குக் கூம்பிப்போனதாகத்தான் தெரியும். தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வதுபோலத் தெரியும் அதே விதி. விளக்கம் தெரிந்தபிறகும் அங்கே எழும் சாது ஒலி குறைவதில்லை.

இந்த வழியில் மூழ்கிப்போன ஒன்றும் உண்டு. மின்சாரத்துக்காக 1960களில் காசல்ரீ, மவுசாகலை அணைகள் கட்டப்பட்டன. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் போய்விட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் கோயிலின் சிதைவும் விகாரையின் சிதைவும் பள்ளிவாசலின் சிதைவும் சேற்றிலிருந்து வெளியே வரும். சனம் போய்ப் பார்க்கும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்கு ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த விமானம் ஒன்று கொழும்பில் இறங்குவதற்கு முன் இந்தப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் இறந்தார்கள். ஆதாமின் மலை என்று தங்கள் சமயத்தார் சொல்லும் சிகரத்துக்கு இத்தனை அருகில் வந்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பேயில்லை.

தோட்ட மக்களின் சொந்த ஆன்மீகம் மலையுச்சியைவிடத் தாழ்ந்த இடங்களில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தபோது அவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கூட்டிவந்தார்கள். வந்த இடத்தில் புதிய தெய்வங்களும் தேவைப்பட்டன. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதைக் காக்க ரோதைமுனி வந்தார். கத்தியோடு கவ்வாத்து வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச் சாமி. மாசி, பங்குனியில் காமன் கூத்து. எரிந்த காமனுக்காக ரதி அழும்போது முழுத் தோட்டமும் விழித்திருக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று மற்றக் கூத்துகளும் உண்டு. இயந்திரத்துக்கு ஒரு காவல் தெய்வத்தைக் கண்டெடுத்த சமூகத்தின் கற்பனையைச் சமய ஆய்வாளர்கள் இன்னும் போதியளவு பேசவில்லை என்பேன். ஆகம விதிப்படி கட்டிய கோயில்தான் கோயில் என்ற யாழ்ப்பாணத்துப் பார்வை இதற்கு ஒரு காரணம். அந்தப் பார்வையை நாங்கள் பெட்டியில் கட்டி ஸ்காபரோவுக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

வடக்குத் தமிழருக்கும் மலைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. குடாநாடு தட்டையான நிலம். மலை என்று பெயருள்ள கீரிமலையில் கடலோரக் கேணியில் குளிக்கத்தான் போவார்கள். எங்கள் நடைபயணம் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கிழக்குக் கரை வழியே கதிர்காமத்துக்குப் போவது. சிவனொளிபாதம் பெயரளவில் சைவருடையது, கால் அளவில் எங்களுடையதல்ல. அதேசமயம் மலைநாட்டில் யாழ்ப்பாணத்தார் இல்லாமலும் இல்லை. தோட்டக் கிளாக்கர், ஆசிரியர், மருந்து கலப்பவர், ஸ்டேசன் மாஸ்டர் என்று மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மேசைக்கு முன்னால் நின்றவர்களை அவர்கள் என்ன சொல்லால் அழைத்தார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தத் தலைமுறை டோர்செட் பார்க்கிலும் இருக்கிறது, கேட்டுப்பார்க்கலாம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இந்தப் பிரச்சினையும் ஒரு காரணம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மலையில் பிறந்து மலையைத் தவிர வேறெதையும் காணாதவர்கள் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாக இராமேசுவரம் போனார்கள். அவர்களுடைய தாத்தாமார் நடந்துவந்த வழியை ரயில் திருப்பி ஓடியது. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியில் சிக்கியவர்களில் இவர்களும் உண்டு. ஈழத்தமிழர் என்று கனடாவில் நாம் பொதுவாகச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இவர்கள் இருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

போர் நடந்த ஆண்டுகளில் வடக்கில் பிறந்து இங்கே வந்தவர்களுக்கு மலைநாடு ஒரு படம்தான். யாழ்தேவி 1990இல் நின்று, யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ஓடியது 2014 அக்டோபரில். ஆனையிறவுக்கு அப்பால் போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்தவன் நுவரெலியாவுக்கு எங்கே உல்லாசம் போவது? ரொறன்ரோவுக்கு வந்து, குடியுரிமை எடுத்து, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு திரும்பியபின்தான் பலர் முதன்முதலாக மலையைப் பார்த்தார்கள். அதனால் பார்க்கும் முறையும் வெளிநாட்டவருடையதாகிவிட்டது: கொழுந்துக் கூடையோடு ஒரு படம், தொழிற்சாலையில் ஒரு கோப்பைத் தேநீர், இராமாயணத் தலங்கள் என்ற பெயரில் விற்கப்படும் இரண்டு கோயில்கள். சீதா எலியவில் கும்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தக் கோயிலைக் கைவிடாமல் வணங்கிவந்தவர்கள் சுற்றுவட்டாரத் தோட்ட மக்கள் என்பது மட்டும் சரயு நீரோடு சேர்ந்து செய்தியாகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் வான் ஏ9 வீதியில் போகிறது. தம்புள்ளை தாண்டியதும் வீதி பழைய கூலி வழியின் போக்கிலேயே மாத்தளைக்கு ஏறும். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. அதைத் திட்டமிட்டவர்கள் முடிவிடமாக மாத்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் முதலில் மூச்சுவிட்ட இடம் அது. அங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

மாத்தளை நகருக்குள் வீதியோரத்திலேயே முத்துமாரியம்மன் கோயில். இராஜகோபுரம் 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 ஜூலையில் தேர்களைக் கொளுத்தினார்கள். கோயில் அவற்றைப் புதிதாகச் செய்தது. இந்த விவரங்களைப் பெரும்பாலான வான் சாரதிகள் சொல்வார்கள். யார் கட்டிய ஊர் இது, எந்தப் பக்கத்திலிருந்து நடந்துவந்தார்கள் என்பது கேட்டால்தான் வரும். கேட்கலாம், கண்டி அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்தான், அவசரமில்லை.